ஏறக்குறையப் பொருந்தும் பாகங்கள்: ஒரு பழைய ரலி சைக்கிளும் எழுதி வைக்கப்படாத அறிவும்

2022 ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்த வாரத்தில் யாழ்ப்பாணத்தின் பல வீடுகளில் கோடிப்புறங்களில் கிடந்த சைக்கிள்கள் வெளியே வந்தன. எங்கள் வீட்டிலும் ஒன்று வந்தது. அப்பாவின் ரலி. பத்து வருடங்களுக்கு மேலாக விறகுக் கொட்டிலில் சாய்ந்து கிடந்தது. ஹாண்டிலில் கோழிகள் அடைந்திருந்தன. முன் ரயர் வெடித்து ரிம்மோடு ஒட்டிப்போயிருந்தது.

காற்றடித்து எண்ணெய் விட்டால் ஓடும் என்றுதான் நினைத்தேன். ஓடுவதற்கு மூன்று மாதங்கள் எடுத்தன. அதற்குள் பெற்றோல் வரிசைகள் கியூஆர் முறைக்கு மாறிவிட்டன. வீதியில் மோட்டார் சைக்கிள்கள் திரும்பவும் ஓடத் தொடங்கிவிட்டன. பயன் கருதித் தொடங்கிய வேலை பயன் குறைந்த பிறகும் நிற்கவில்லை. காரணம், அந்தச் சைக்கிளைக் கழற்றக் கழற்ற அதற்குள் இருந்து வெளியே வந்தது துரு மட்டுமல்ல.

இது சைக்கிள் திருத்துவது பற்றிய கட்டுரைதான். ஆனால், ஒரு சமூகம் தட்டுப்பாட்டை எப்படித் தாண்டியது, அப்படித் தாண்டிய அறிவை அடுத்த தட்டுப்பாட்டுக்கு முன் எப்படித் தொலைக்கிறது என்பது பற்றியதும்கூட.

28 என்ற இலக்கம்

முதல் பிழை ரயரில் நடந்தது. பழைய ரயரின் பக்கத்தில் 28 என்ற இலக்கம் மட்டும் மங்கலாகத் தெரிந்தது. நகரத்துக் கடையொன்றில் 28 ரயர் கேட்டேன், தந்தார்கள். வீட்டில் வந்து பூட்டினால் கடைசி ஒரு சாண் நீளம் ரிம்முக்குள் ஏற மறுக்கிறது. இரண்டு ரயர் நெம்புகள் வளைந்தன. ரியூப் ஒன்று கிழிந்தது.

28 அங்குலம் என்பது ரயரின் வெளிவிட்டத்தைக் குறிக்கும் ஒரு பழைய பெயர். ரயர் ரிம்மில் ஏறுமா என்பதைத் தீர்மானிப்பது உள்விட்டம். பழைய ரலி, ஹம்பர், ரட்ஜ் போன்ற ஆங்கிலேயச் சைக்கிள்களின் 28 x 1½ ரயருக்கு உள்விட்டம் 635 மில்லிமீற்றர். இப்போது 28 என்றும் 700 என்றும் வரும் பல ரயர்களுக்கு 622 மில்லிமீற்றர். வித்தியாசம் 13 மில்லிமீற்றர், அரை அங்குலம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். 26 அங்குலத்திலும் இதே கதைதான். பழைய 26 x 1⅜ ரயரின் உள்விட்டம் 590. மலைச் சைக்கிள்களுக்கு வரும் 26 ரயரின் உள்விட்டம் 559.

ஆகவே பெயரை நம்பக்கூடாது. ரயரின் ஓரத்தில் சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இரட்டை இலக்கத்தைப் பார்க்கவேண்டும். 40-635 என்று இருந்தால் முதல் இலக்கம் ரயரின் அகலம், இரண்டாவது உள்விட்டம். பழைய ரயர்களில் இந்த இலக்கம் இருக்காது. அப்போது ரிம்மைத்தான் அளக்கவேண்டும். 635 ரயர் இன்றும் இந்தியாவில் செய்யப்படுகிறது. தேடினால் கிடைக்கும். ஆனால் எதைத் தேடுவது என்று தெரிந்திருக்கவேண்டும்.

ரிம்மை மாற்றிவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அதுவும் அவ்வளவு இலகுவானதல்ல. இந்தச் சைக்கிளில் பிறேக் கம்பியால் இழுக்கப்படும் பழைய வகை. பிறேக் கட்டைகள் ரிம்மின் பக்கவாட்டைப் பிடிப்பதில்லை. ரிம்மின் உட்புறத்தை, கம்பிகள் வந்து சேரும் பக்கத்தை, மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே அந்த ரிம்மின் இரண்டு ஓரங்களும் உருண்டு வளைந்திருக்கும். புதிய ரிம்மில் அந்த வளைவு இல்லை. மேலும், பழைய ஆங்கிலேய வழக்கப்படி முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி. இப்போது சாதாரணமாகக் கிடைக்கும் ரிம்களில் இரண்டுக்கும் 36 துளைகள். 40 துளை உள்ள நடுக்குடத்தை 36 துளை ரிம்மில் கட்டமுடியாது. ஒரு பாகத்தை மாற்றினால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் மூன்று பாகங்களையும் மாற்றவேண்டி வருகிறது.

இரண்டு ரின்கள்

சந்தியில் சைக்கிள் திருத்தும் ஐயாவிடம் போனேன். எழுபது வயது தாண்டியவர். கடை என்றால் ஒரு தகரக் கூரையும் ஒரு வாங்கும்தான். சுவரோரம் வரிசையாகப் பழைய ரின்கள். அவற்றில் இரண்டு ரின்கள் மற்றவற்றிலிருந்து தள்ளி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றில் சோக்கட்டியால் "ரலி" என்றும் மற்றதில் "மற்றது" என்றும் எழுதியிருந்தது. இரண்டுக்குள்ளும் இருந்த நட்டுகளும் கோப்பைகளும் எனக்கு ஒரே மாதிரித்தான் தெரிந்தன.

வித்தியாசம் புரியில் இருந்தது. பெடல் அச்சு ஓடும் குழாயின் இரு பக்கமும் திருகப்படும் கோப்பைகளுக்குப் பெரும்பாலான ஆங்கிலேயச் சைக்கிள்களில் அங்குலத்துக்கு 24 புரி. ரலி மட்டும் தனக்கென 26 புரி வைத்திருந்தது. முன் கவையின் தண்டிலும் அப்படித்தான். விட்டம் இரண்டுக்கும் ஒன்றே என்று சொல்லலாம். அதனால் 24 புரிக் கோப்பையை ரலிக் குழாயில் வைத்தால் ஒன்றிரண்டு சுற்று நல்லபிள்ளையாக ஏறும். பிறகு இறுகும். துரு என்று நினைத்து, நீளமான ஸ்பனரைப் போட்டு இன்னும் இறுக்குவோம். அந்த இடத்தில் குழாயின் புரி அழிகிறது.

ரலி நிறுவனம் 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் வாங்கியது. அதன் பிறகு அந்தப் பெயர்களில் வந்த வண்டிகளும் ரலியின் அளவுகளைத் தழுவத் தொடங்கின. எனவே முன் குழாயில் உள்ள பெயர்த்தகட்டைப் பார்த்து மட்டும் புரியை முடிவு செய்யமுடியாது. ஐயா பெயரைப் பார்ப்பதில்லை. தெரிந்த கோப்பை ஒன்றை எடுத்துத் தெரியாத கோப்பையோடு புரிக்குப் புரி அணைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இரண்டு புரிகளும் ஒன்றுக்குள் ஒன்று படுத்தால் வெளிச்சம் தெரியாது. வித்தியாசமான புரி என்றால் நடுவில் கீறல் கீறலாக வெளிச்சம் வரும். அவருக்கு அளவுகோல் அதுதான்.

முன்சில்லின் அச்சில் இன்னும் நுணுக்கமான பொறி இருந்தது. அதன் விட்டம் 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீற்றர்; அங்குலத்துக்கு 26 புரி. அதற்கு மிக அருகில் வரும் மெற்றிக் அளவு 8 மில்லிமீற்றர், ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு புரி. அந்த நட்டு பழைய அச்சில் ஏறும், இறுகியது போலவும் இருக்கும். ஆனால் அது புரியின் நுனியை மட்டுமே பிடித்துக்கொண்டு நிற்கிறது. பாரம் ஏற்றிப் பள்ளத்தில் விழும் ஒரு நாளில் முன்சில்லு கழன்றுவிடும்.

அடியோடு பொருந்தாத பாகத்தால் ஆபத்து குறைவு. அதைப் பூட்டவே முடியாது. ஏறக்குறையப் பொருந்தும் பாகம்தான் ஆளை விழுத்தும். மூன்று மாத வேலையில் நான் கற்ற பாடம் இதுதான். எந்தப் பாகத்தையும் முதல் சில சுற்றுகள் விரலால் திருகவேண்டும். விரலால் ஏறாதது ஸ்பனரால் ஏறக்கூடாது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். பெடல் அச்சின் வலப்பக்கக் கோப்பை, செயின் ஓடும் பக்கம், இடப்புரி. வழமைக்கு மாறாக வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். அது தெரியாமல் நான் ஒரு மாலை முழுவதும் அதைக் கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தேன். மண்ணெண்ணெயில் இரண்டு நாள் ஊறவிட்ட பிறகு, ஐயா ஒரே தட்டில் அதைக் கழற்றினார்.

குழாய்க்குள் இருந்த பால்மா ரின்

இடப்பக்கக் கோப்பையைக் கழற்றியபோதுதான் எதிர்பாராத ஒன்று கையில் வந்தது. கோப்பையைச் சுற்றி ஒரு மெல்லிய தகரச் சுருள். துடைத்துப் பார்த்தபோது அதில் நீலமும் மஞ்சளுமாக நிறம் இருந்தது. பால்மா ரின்னில் இருந்து வெட்டிய தகரம். கோப்பையோ ரலியினுடையது அல்ல. வேறேதோ சைக்கிளின் 24 புரிக் கோப்பை. அதன் புரியை அரத்தால் ராவி, தகரத்தைச் சுற்றி, சுத்தியலால் அடித்து இறக்கியிருக்கிறார்கள். இடப்பக்கப் பெடல் தண்டைப் பிடித்திருந்த கொட்டர் பின்னும் பின் அல்ல. ஏதோ ஒரு போல்ட்டை ஆப்பு வடிவில் ராவியது.

யார் இந்த வேலை செய்தது என்று அப்பாவிடம் கேட்டேன். தான்தான் என்றார், 1993இல்.

1990 ஜூனில் இரண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கிய பின் வடக்கு எப்படி இருந்தது என்பதை இந்தக் கட்டுரையின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றரிக்கும் சீமெந்துக்கும் தடை. ஒரு போத்தல் மண்ணெண்ணெயின் விலை குடும்பத்தின் கணக்கையே மாற்றியது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மற்ற எல்லாவற்றையும் சைக்கிள் சுமந்தது. விறகு, நெல் மூட்டை, தண்ணீர்க் கலன், நோயாளி, சிலவேளை சவம். இரவில் அப்பா சைக்கிளை நிறுத்தி வைத்துக் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாட, அயலவர்கள் சுற்றி இருந்து பிபிசி தமிழோசை கேட்டதாக அம்மா சொல்வார்.

அந்த நாட்களில் கோப்பை தேய்ந்தால் புதுக் கோப்பை வராது. கிடைத்ததைப் பொருத்தவேண்டும். அப்பா செய்தது அதைத்தான். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இரவில், அம்மாவும் நானும் இரண்டு பயணப் பைகளும் ஒரு அரிசிப் பையும் அந்தத் தகரச் சுருளின் மேல்தான் தென்மராட்சிக்குப் போனோம். எனக்கு ஐந்து வயது. நான் முன் பாரில் இருந்தேன். ஓடவில்லை, சனத்துக்குள் ஓட இடமில்லை. அப்பா உருட்டிக்கொண்டு நடந்தார்.

ஐயா அந்தத் தகரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் தானும் இப்படி நூற்றுக்கணக்கில் செய்ததாகச் சொன்னார். சில நாட்கள் மட்டும் தாங்கட்டும் என்று செய்த வேலைகள் பல வருடங்கள் தாங்கிவிட்டன.

எது மீட்பு, எது அழிப்பு

இந்த இடத்தில் எனக்கும் அப்பாவுக்கும் இடையில் ஒரு பிணக்கு வந்தது. பழைய சைக்கிளை மீட்பது என்றால் அது தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவருவது என்று நான் எண்ணியிருந்தேன். இணையத்தில் பார்த்த படங்களில் எல்லாம் கறுப்பு வர்ணமும் பொன்கோடுகளும் பளபளத்தன. அப்பா, வேலை செய்கிற பாகத்தில் ஏன் கை வைக்கிறாய் பிள்ளை என்று கேட்டார். அவருக்கு அந்தக் கோப்பையும் பின்னும் பிழையான பாகங்கள் அல்ல. அவை வேலை செய்தன. எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தன.

ஐயா இரண்டு பேருக்கும் பாதிப் பாதி ஆதரவு தந்தார். அவருடைய பிரிப்பு எளிமையானது. உயிரைத் தாங்கும் பாகங்களில் சமரசம் இல்லை: பெடல் அச்சு, கொட்டர் பின், முன் கவை, சில்லின் அச்சு, பிறேக். இவை சரியான அளவில் இருக்கவேண்டும். மற்றவை எப்படி இருந்தாலும் வண்டி ஓடும். மட்காட்டின் ஒட்டும், கரியரில் சுற்றியிருக்கும் ரியூப் நாடாவும் அப்படியே கிடக்கட்டும்.

குழாயின் புரியை மீட்ட விதம் எழுதி வைக்கத் தகுந்தது. 26 புரி வெட்டும் கருவி எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஐயா தன் "ரலி" ரின்னில் இருந்து ஒரு தேய்ந்த கோப்பையை எடுத்தார். அது கடினப்படுத்திய உருக்கு. அதன் புரிக்குக் குறுக்காக நான்கு இடங்களில் கிறைண்டரால் வெட்டுகள் போட்டார். அந்தக் கோப்பையே புரி துப்புரவாக்கும் கருவியாகிவிட்டது. எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்றுப் பின்னே என்று திருப்பத் திருப்ப, வெட்டுகளுக்குள் பழைய துருவும் நசுங்கிய இரும்புத் துகள்களும் சேர்ந்து வெளியே வந்தன. அப்பா அடித்து இறக்கிய கோப்பை குழாயின் வாயை மட்டும்தான் கெடுத்திருந்தது. உள்ளே நல்ல புரி மிச்சம் இருந்தது. ஒரு கைவிடப்பட்ட ரலியின் கோப்பை அதில் விரலாலேயே ஏறியது.

கொட்டர் பின்னிலும் அளவுகள் உண்டு. ரலிக்கு 9.5 மில்லிமீற்றர், கடைகளில் 9 மில்லிமீற்றர் பின்னும் கிடைக்கும். மெல்லிய பின்னைப் போட்டால் பெடல் தண்டு ஒவ்வொரு மிதிக்கும் சிறிது ஆடும். அந்த ஆட்டம் பின்னை வெட்டும். சரியான பின் ஆனாலும் அதன் சாய்ந்த முகத்தை அச்சின் வெட்டுக்கு முழுதாகப் படும்வரை ராவவேண்டும். இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் ஏறவேண்டும். இல்லாவிட்டால் இரு பெடல்களும் ஒரே கோட்டில் நிற்காது. பூட்டிப் பத்து மைல் ஓடிய பின் மறுபடி நட்டை இறுக்கவேண்டும். பலர் இந்தக் கடைசிப் படியை விட்டுவிடுகிறார்கள்.

கழற்றிய கோப்பை, தகரச் சுருள், ராவிய போல்ட் மூன்றையும் அம்மா ஒரு போத்தலில் போட்டு வைத்திருக்கிறார். அப்பாவின் கோபம் அதோடு அடங்கியது.

அடுத்த தட்டுப்பாட்டுக்கு யார் இருப்பார்கள்?

2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் மறுபடியும் சைக்கிளுக்குத் திரும்பியது. 2022இல் தென்னிலங்கையும் சேர்ந்து திரும்பியது. அப்போது புதிய சைக்கிள்களின் விலை எப்படி ஏறியது என்பதை எல்லோரும் பார்த்தோம். நெருக்கடி வந்ததும் சுயசார்பு பற்றிய பேச்சு வருகிறது. வரிசை குறைந்ததும் பேச்சு போய்விடுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறக்கப்பட்டது. காத்திருந்தவர்கள் வாகனம் வாங்குவதை யாரும் குறை சொல்லமுடியாது. ஆனால் வெளிநாட்டு நாணயமும் எரிபொருளும் மறுபடி ஒருமுறை இறுகினால் எங்களிடம் என்ன இருக்கும் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

சைக்கிள்கள் இருக்கலாம். போருக்குப் பின் இடம்பெயர்ந்தோருக்காக இந்திய அரசு மட்டும் 10,000 சைக்கிள்கள் தந்தது. உதவி என்று வரும்போது நாங்கள் எண்ணிக்கையைக் கேட்கிறோம். அதன் ரயர் எந்த அளவு, அது எங்கே கிடைக்கும், அதை யார் திருத்துவார் என்று கேட்பதில்லை. கொடுக்கும் அரசும் நிறுவனங்களும் அவற்றைச் சொல்வது அரிது. அந்த வேலை சந்திகளில் இருக்கும் திருத்துநர்கள் மேல் போய் விழுகிறது.

அந்த ஐயாவுக்கு உதவியாளர் இல்லை. பிள்ளைகள் வெளிநாட்டில். ஒரு பஞ்சர் ஒட்டும் கூலியில் ஒரு இளைஞன் குடும்பம் நடத்தமுடியாது என்பது அவருக்கும் தெரியும். அதனால் யாரையும் குறை சொல்வதில்லை. அவர் கடையை மூடும் நாளில் அந்த இரண்டு ரின்களும் பழைய இரும்புக்காரரின் தராசில் ஒன்றாகக் கொட்டப்படும். நிறையில் வித்தியாசம் இருக்காது. எது ரலி, எது மற்றது என்பது அந்தக் கணத்தில் அழிந்துபோகும்.

இதைத் தடுப்பதற்குப் பெரிய திட்டம் தேவையில்லை. மூன்று சிறிய காரியங்கள் போதும்.

முதலாவது, எழுதி வைப்பது. எங்கள் ஊர்களில் ஓடும் சைக்கிள் வகைகள், அவற்றின் ரயர் உள்விட்டம், புரி, பின், கம்பி எண்ணிக்கை ஆகியவை அடங்கிய ஒரு சிறு தமிழ்க் கையேடு. ஒரு சனசமூக நிலையம் நினைத்தால் ஒரு வருடத்தில் செய்யலாம். ஊருக்கு ஊர் இருக்கும் மூத்த திருத்துநர்களுடன் இருந்து கேட்டு எழுதினால் போதும்.

இரண்டாவது, அங்கீகாரம். வேலையில் கற்ற திறனைப் பரீட்சித்துச் சான்றிதழ் தரும் முறை இந்த நாட்டின் தேசிய தொழிற்தகைமைக் கட்டமைப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வாசல் சைக்கிள் திருத்துநர்களுக்கும் அகலத் திறக்கவேண்டும். சான்றிதழ் அவர்களின் கையைத் திறமையாக்காது. ஆனால் அவர்களிடம் ஒரு பிள்ளையைப் பயில அனுப்பும் பெற்றோருக்கு ஒரு நம்பிக்கையைத் தரும்.

மூன்றாவது, உதவி தருபவர்களிடம் கேட்பது. சைக்கிள் தருபவர்கள் அதன் ரயர் அளவையும் உதிரிப்பாகம் கிடைக்கும் வழியையும் சொல்லவேண்டும். பத்துச் சைக்கிளுக்கு ஒரு சைக்கிளின் விலையை உதிரிப்பாகமாகத் தரச் சொல்லலாம். வாங்குபவர் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல.

போர்க்காலத்தின் கைவேலைகளை நாங்கள் பெருமையோடு நினைவுகூருகிறோம். பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கைவேலைகள் வேறு வழி இல்லாததால் வந்தவை. பால்மா ரின்னால் கோப்பையை இறுக்கியவருக்கு அது சரியான பாகம் அல்ல என்று தெரிந்திருந்தது, தெரிந்துதான் செய்தார். இன்று அதே வேலையைச் செய்பவர்களில் பலருக்கு அது தெரியாது. அப்பாவின் தலைமுறை பாகம் இல்லாமல் தவித்தது. பாகம் கடையில் தொங்கினாலும் எது சரியானது என்று தெரியாமல் தவிக்கும் நிலையை நோக்கி நாங்கள் போய்க்கொண்டிருக்கிறோம்.

சைக்கிள் இப்போது ஓடுகிறது. வர்ணம் அடிக்கவில்லை. அப்பா காலையில் அதில் சந்தைக்குப் போய்வருகிறார். முதல் நாள் போய்வந்ததும், பெடல் இப்போது சத்தம் போடுவதில்லை என்று குறைபோலச் சொன்னார். முப்பது வருடமாகக் கேட்ட சத்தம். ஐயாவிடம் கேட்டு "ரலி" ரின்னில் இருந்த கோப்பைகளின் அளவுகளை ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். இதுவரை நான்கு பக்கங்கள் ஆகியிருக்கின்றன.